சாப் குறை கேட்கும் விதம்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பித்தளைத் தகட்டில் பொறித்து, தினமும் தேய்த்துப் பளபளவென்று சட்டைப் பைக்கு மேல் குத்தியிருப்பார். ஆனால் கம்பெனியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிலிருந்து கேன்டீனில் இட்லி எடுத்து வைக்கும் பெண் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சாப்தான்; பட்டாளத்தில் மேலே இருப்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த ரப்பர் கம்பெனிக்குச் செக்யூரிட்டி ஆபீசராக வந்தவர். வேலூர் பக்கத்துக்காரர்.

நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். கெட்டவர் என்று நானும் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. கெட்டவனிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவர் உதவி செய்ய வந்தவர். அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

அவருடைய முக்கியமான வேலை குறை கேட்பது. காலை எட்டு மணிக்கு, எங்கள் பஸ்கள் கேட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னால், வாட்ச்மேன்கள் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைப்பார். ஷூவைப் பார்ப்பார், தொப்பியைப் பார்ப்பார், பெல்ட் பக்கிளில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு இரண்டு அடி பின்னால் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்துக் கம்பெனிக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்.

“எனி பாயிண்ட்?”

“நோ பாயிண்ட், சார்!”

பாயிண்ட் என்றால் குறை, கோரிக்கை. என் வீட்டுக்காரர்தான் எனக்கு இதை விளக்கினார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். எல்லோரையும் உட்கார வைத்துப் பெரிய அதிகாரி கேட்பாராம், யாருக்காவது பாயிண்ட் இருக்கிறதா என்று. “யாரும் வாயத் தொறக்க மாட்டோம்,” என்று சிரித்தார். “பாயிண்ட் சொன்னவன் பேரு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாயிண்ட் இன்னான்னுதான் ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது.”

அந்த எட்டு வாட்ச்மேன்களில் ஒருவர் எளாவூர்க்காரர், அறுபது வயதைத் தாண்டியவர். கேட்டை ஒட்டி லாரிகள் எடை போடும் இடத்தில் அவருக்கு நிற்கிற வேலை. அங்கே நிழலுக்கு ஒரு தகரம்கூட இல்லை. தொப்பிக்குள் ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் தினமும் காலையில் “நோ பாயிண்ட்” சொல்லிவிட்டு அங்கே போய் நின்றார். அடுத்த அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் அப்படியே சாய்ந்துவிட்டார். சாப்தான் முதலில் ஓடினார். தண்ணீர் தெளித்தார், காலரைத் தளர்த்தினார், மடியில் தலையை எடுத்து வைத்துக்கொண்டார். “ஏன்யா, முன்னாடியே சொல்ல வேண்டாமா? தினம் கேக்கறேன் இல்ல?” என்று உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. மறுநாள் காலையிலும் அதே வரிசை, அதே கேள்வி. தகரம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாயக்காக இருந்தவர், சுபேதாருக்கு இரண்டு மூன்று படி கீழே. மலைப் பாதையில் அவர் போன லாரி உருண்டு முதுகெலும்பு முறிந்துவிட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. குண்டும் இல்லை, எதிரியும் இல்லை. மழையில் ஊறிய மண்ணும் ஒரு வளைவும்தான். நான் கம்பெனியில் சேர்ந்த வாரம் சாப் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். லாரி என்றதும் அவர் முகம் வாடிப்போனது.

“பார்டர் பக்கமா மேடம்?”

“பக்கந்தான் சார். முப்பது, நாப்பது கிலோமீட்டர் இருக்கும்னாரு.”

“அப்ப பார்டர்னே வச்சிக்கலாம்.”

வைத்துக்கொண்டார். அந்த ஆகஸ்ட் பதினைந்தில் கொடி ஏற்றிய பிறகு என்னை முன்னால் கூப்பிட்டு, எல்லையில் ரத்தம் சிந்திய வீரரின் மனைவி என்று மைக்கில் சொன்னார். லாரி காணாமல் போய்விட்டது. அதோடு விட்டாரா? வீரநாரி என்று ஒரு பட்டமும் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னால், என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அது செத்துப்போன ஜவானின் பெண்டாட்டியைச் சொல்லும் வார்த்தையாம். மறுநாள் சாப்பிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “ஒண்ணுதான் மேடம். ஒரு படி கம்மி, அவ்வளவுதான்,” என்றார்.

தினமும் எனக்கு ஒரு சல்யூட் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி, பையைச் சோதனைக்குக் கொடுத்து, கேட்டுக்குள் காலை வைத்ததும் காலோடு கால் சேர்த்து டக்கென்று அடிப்பார். எனக்கு இல்லையாம், என் வீட்டுக்காரருக்காம். முதல் மாதம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கூட வந்த பெண்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். பிறகு ஒரு நாள், சல்யூட்டை வாங்கிக்கொண்டு, நாயக் எப்படி இருக்கிறார், சாப்பிட்டாரா, தைரியமாக இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போய் கார்டைத் தேய்த்தால் இரண்டு நிமிஷம் லேட். லேட்டாக வந்தவர்கள் நோட்டில் என் பெயரை எழுதியவரும் அவரேதான். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணு மேடம். ஜவான் குடும்பம் நீங்க, உங்களுக்குச் சொல்லணுமா?” என்றார்.

அடிபட்டவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? இப்படி ஒரு கேள்வியை அவர்தான் என்னிடம் முதன்முதலாகக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அடிபட்ட இந்த நாலு வருஷத்தில் ஒருத்தர், பெற்ற தாய்கூட, அப்படிக் கேட்டதில்லை. அருமையான கேள்வி. போயும் போயும் இவரிடம் வந்து மாட்டிக்கொண்டது அதன் தலையெழுத்து.

கேட்டதோடு நிற்காமல் கூட்டமே ஆரம்பித்துவிட்டார். பட்டாளத்தில் அடிபட்டு வந்தவர்களின் வீட்டுப் பெண்களுக்கான கூட்டம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பிள்ளைகள் உட்காரும் பலகை வைத்த நாற்காலிகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பத்து என்றால் பத்து. பிந்தி வந்தால் அவர் பேச்சு முடியும் வரை வராண்டாவில் நிற்க வேண்டும். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி ஒரு பெண் வருவாள். ஒரு தடவை, கிளம்பும் நேரத்தில் புருஷனுக்குப் படுக்கையிலேயே போய்விட்டது, கழுவி மாற்றிவிட்டு வருகிறேன் என்று மூச்சிரைக்கச் சொன்னாள். “டைம் மேனேஜ்மென்ட் முக்கியம் மேடம்,” என்று அவளை வெளியே நிற்க வைத்தார். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வருகை குறைவு, ஊக்கம் தேவை என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரம் பேசுவார். வீட்டுக்குள்ளும் ஒரு எல்லை இருக்கிறது, அதைக் காக்கும் சிப்பாய்கள் நீங்கள் என்பார். இரண்டு ஷிஃப்ட் பார்த்த களைப்பில் பாதிப் பேருக்குத் தலை ஆடும். பேசி முடித்து, நோட்டை மூடி, பேனாவைப் பையில் செருகி, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட பிறகு கேட்பார்.

“எனி பாயிண்ட்?”

முதல் கூட்டத்தில் விவரம் தெரியாமல் பழவேற்காட்டு அம்மா ஒருவர் கையைத் தூக்கிவிட்டார். கருவாடும் இறாலும் மொத்த வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண்மணி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். மகனுக்குத் தலையில் அடி. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், ஆனால் தண்ணீரைக் கண்டால் வெறி வந்துவிடும்.

“புள்ளைய குளிக்க வைக்கத்தான் முடியல சார். கைய ஓங்குறான். வாரத்துக்கு ரெண்டு நாளு யாராச்சும் ஒரு ஆம்பள ஆளு வந்து புடிச்சிகினா போதும். நான் ஊத்தி உட்டுடுவேன்.”

கேட்டது அவ்வளவுதான். ஒரு ஆள், வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம். எங்களில் யாருக்குக் கேட்டாலும் புரிந்திருக்கும். சாப் சிரித்தார். இது டிசிப்ளின் மேட்டர், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாவின் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஜவான்! சுபேதார் சாப் பேசறேன். அம்மாவை அடிக்கலாமா?”

 அந்தப் பக்கத்திலிருந்து, படுக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டவன் மாதிரி ஒரு குரல் வந்தது. “நோ, சாப்!”

“இனிமே அடிப்பியா?”

“நஹி, சாப்!”

“ஷாபாஷ்!” போனைத் திருப்பிக் கொடுத்தார். “பார்த்தீங்களா மேடம்? கேக்கற விதத்துல கேக்கணும்.”

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அடுத்த மாதம் அந்த அம்மா வந்தபோது முக்காட்டை இழுத்து இழுத்து கை முழுக்க மூடிக்கொண்டார். நாற்காலிப் பலகையில் கையை வைத்தபோது பார்த்தேன், மணிக்கட்டுக்கு மேலே கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. பையன் எப்படி இருக்கான் என்று சாப் கேட்டார். “ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கான்,” என்றார் அந்த அம்மா. முதல் குறை தீர்க்கப்பட்டது என்று நோட்டில் ஏறியது. அதற்குப் பிறகு மாதா மாதம் அதில் ஒரே வாசகம்தான்: குறைகள் இல்லை. அந்த நோட்டை நகல் எடுத்து மேலே அனுப்புவதாகச் சொல்வார். மேலே என்றால் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மேலே யாராவது உட்கார்ந்து படித்திருந்தால், திருவள்ளூர் ஜில்லாவிலேயே கொடுத்து வைத்தவர்கள் நாங்கள்தான் என்று நினைத்திருப்பார்கள். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது என்று எங்கள் பக்கத்தில் தெலுங்கில் சொல்வார்கள். பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த டியூஷன் சென்டரில் உண்மையாகவே குடிக்கத் தண்ணீர் இருக்காது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் போன்.

எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் அறை அறையாகப் பிரித்த பெட்டி வைத்திருப்பார்கள். போனை அதில் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். மற்றவர்களுக்கு அது பேஜாரு, அவ்வளவுதான். எனக்கு அது உயிர் சமாச்சாரம். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீர் டியூப் வழியாகத்தான் இறங்கும். டியூப் அடைத்துக்கொண்டால் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும், பிரஷர் தாறுமாறாக ஏறும். உடனே அடைப்பை எடுக்காவிட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ஆளே போய்விடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சலைன் தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து எப்படி அடைப்பை நீக்குவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் லைன் வீடுகளில் பகலில் ஆள் இருக்காது, எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஒரு தடவை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே டாக்டர் வருவதற்குள் அவர் நினைவு தப்பிவிட்டது. கம்பெனியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் நான் கால் மணியில் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு சின்ன பட்டன் போனை இடுப்பில் வைத்துக்கொள்ள விடுங்கள் என்று கெஞ்சினேன். ஆபீசில் கேட்டால் செக்யூரிட்டியைக் கேள் என்றார்கள். சாப் யோசித்தார். நெற்றியைத் தடவினார். பிறகு எனக்காக மட்டும் ஒரு ஏற்பாடு செய்தார். என் போன் பெட்டிக்குள் போகாது, அவர் மேஜை மேலேயே இருக்கும். “ரிங் வந்தா நானே எடுப்பேன் மேடம். உங்க மெஷின் லைனுக்கு நானே ஓடி வருவேன். இது ஒரு சோல்ஜர் இன்னொரு சோல்ஜருக்குக் கொடுக்கற வாக்கு.” நான் அவருக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

இப்போது சாப் அங்கே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதைவிடப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் ஷீல்டு கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். கடைசியாக அவரே மைக்கைப் பிடித்து, என் காலத்தில் ஒரு குறையும் வந்ததில்லை என்றார். உண்மைதான். அவருக்குப் பதிலாக வந்தவர் ஒல்லியான மனிதர், எந்தப் பட்டாளத்திலும் இருந்தவர் இல்லை, வெற்றிலை பாக்கு போடுகிறவர். யார் வந்தாலும் தலையை நிமிர்த்த மாட்டார். நான் போன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “வச்சிக்கமா, சைலண்ட்ல போட்டுக்க. வேற எவளுக்கும் காட்டாத,” என்று வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். இன்றுவரை அவர் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

அதெல்லாம் பிற்பாடு. மைசூர்பாகு கொடுத்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டுப் பக்கம் போனேன். என்னைக் கண்டதும் சாப் எழுந்து நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

“மேடம், இன்னிக்கு நாயக்கிட்ட பேசினேன்!”

“யாருகிட்ட சார்?”

“உங்க ஹஸ்பெண்ட்தான். பதினோரு மணிக்கு ரிங் வந்தது. சொன்ன வாக்கு வாக்குதான், முதல் ரிங்லயே எடுத்தேன். சுபேதார் சாப் பேசறேன், சப் டீக்? எல்லாம் நலமான்னு கேட்டேன். டீக் ஹை, சாப்னாரு. என்ன குரல் மேடம் அது! படுக்கையில இருக்கறவர்னு சொல்லவே முடியாது. அவர் யூனிட்டைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசினோம். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும் அடிச்சாரு. என்ன விஷயம் நாயக்னேன். தெரியாம கை பட்டுடுச்சி சாப்னாரு.”

 நலமாக இருக்கிறேன் என்று சொல்வதற்கு என் வீட்டுக்காரர் ஒரு நாளும் எனக்குப் போன் செய்ததில்லை. மேஜை மேலிருந்த என் போனை எடுத்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“சார், கேட்ட தொறங்க. நான் போவணும்.”

“அவுட் பாஸ் மேடம்? சூப்பர்வைசர் கையெழுத்து வேணுமே.”

“அவருக்கு உடம்பு சரியில்ல சார்!”

“நான்தான் பேசினேனே மேடம். அவரே சொன்னாரே, டீக் ஹைன்னு.”

அந்த முகத்தில் சூது இல்லை, பிடிவாதம்கூட இல்லை. கேட்டேன், பதில் வந்தது, பிறகு என்ன என்ற திருப்தி மட்டும்தான். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த அருவருப்பை என்னால் எழுத முடியாது. நல்லவேளையாக அப்போது சரக்கு ஏற்றிய லாரி ஒன்று வெளியே போக, எளாவூர்ப் பெரியவர் பெரிய கேட்டைத் திறந்தார். லாரியின் ஓரமாக ஒண்டிக்கொண்டு நான் வெளியே ஓடினேன். பின்னால் சாப் விசில் ஊதினார். பெரியவர் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி கேட்டை மெதுவாகத்தான் மூடினார்.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. தலையணை தெப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. டியூப் முனையில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் ஒரு சொட்டு இல்லை. தலைப் பக்கத்தைத் தூக்கி உட்கார வைத்து, கையைக் கழுவி, சலைனை சிரிஞ்சில் எடுத்து டியூபுக்குள் ஏற்றினேன். முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. எந்தெந்தச் சாமியையோ திட்டிக்கொண்டு மூன்றாவது தடவை ஏற்றினேன். சுண்ணாம்பு மாதிரி ஒரு கட்டி வந்தது. அதன் பின்னால் கலங்கலாகக் கொட்டியது, பை பாதிக்கு மேல் நிறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தின் சிவப்பு இறங்கியது. தண்ணீர் கேட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது.

“ஏன் மாமா சொல்லல? அந்த ஆளு எடுத்தா இன்னா? என் பொண்டாட்டிய கூப்புடுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சுபேதார் சாப் எடுக்கறாரு. எல்லாம் சரியான்றாரு. நான் இன்னான்னு சொல்றது? மூத்திரம் வரலன்னா?”

“ஆமா! அப்படித்தான் சொல்லணும்! செத்துப் போயிருந்தா?”

“வாயில வரலம்மே,” என்றார்.

சாப்பைத் திட்ட ஆரம்பித்தேன். எங்கள் தெருக் குழாயடியில் கேட்ட வார்த்தைகள் ஒன்று பாக்கியில்லாமல் வந்தன. “கேக்கறானாம் கேள்வி! ஒண்ணும் இல்லன்னு நம்ம வாயாலயே சொல்ல வச்சிட்டு, அத எழுதிகினு போறான் பொறம்போக்கு! கேக்கத் தெரியாதவன் எதுக்குக் கேக்கறான்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அவர மட்டும் ஏன் திட்ற? காலைல அஞ்சு மணிலேர்ந்தே சரியா எறங்கல. நீயுந்தான் கேட்ட.”

“நான் இன்னா கேட்டேன்?”

“செருப்ப மாட்டிகினு, பைய தோள்ல போட்டுகினு, வாசப்படில நின்னுகினு கேட்ட. ஒண்ணும் இல்லியே, நான் கெளம்பட்டான்னு. வெளிய பஸ்ஸு ஹாரன் அடிச்சிகினு கீறான். நான் இன்னா சொல்றது? ஒண்ணும் இல்ல, போன்னேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. “தெனமும் அப்படித்தானே கேக்கற,” என்றார்.

 சாப்பையாவது விட்டுத்தள்ளலாம், அவர் ஒரு நாளும் இந்த டியூபைக் கண்ணால் கண்டதில்லை. நான் கண்டவள். அன்று காலையில் அந்தப் பிளாஸ்டிக் பையைக் காலி செய்தவளே நான்தான். வழக்கத்தைவிடக் குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பார் என்று எனக்கு வேண்டிய பதிலை நானே வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் எல்லா வேலையும் முடித்த பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இப்ப சொல்லு மாமா, இன்னா பண்ணுது?”

“ஒண்ணும் இல்ல.”

நான் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பஸ்ஸு வந்துடுச்சி.”

“வரட்டும்.”

இன்னொரு ஹாரன். பிறகு பஸ் கிளம்பி ஹைவேயில் லாரிகளோடு சேர்ந்து போகும் சத்தம் கேட்டது. அதுவும் முழுக்க ஓய்ந்தது.

“தோள்பட்டைக்குக் கீழ ஒரு எடம் எரியுது,” என்றார்.

சட்டையைத் தூக்கி அவரைப் பக்கவாட்டில் திருப்பினேன். நான் தினமும் பவுடர் போட்டு விடுகிற முதுகுதான். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் சிவந்து மினுமினுவென்றிருந்தது, படுக்கைப் புண்ணின் ஆரம்பம்.

“எத்தினி நாளா?”

“பத்து நாளா,” என்றார்.